பாட்டில் தெரியாத சொல் வந்தால் முதலில் எங்கே போவது?

புதுவாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உரைநடையைத் தங்குதடையின்றிப் படிக்கிற எனக்கு, பழைய பாடல்களைக் கையில் எடுத்தால் மட்டும் இரண்டாம் அடிக்குள்ளேயே கால் இடறிவிடுகிறது. இப்போது நான் நின்றுபோயிருக்கும் இடம் குறுந்தொகையின் மூன்றாம் பாடல்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரற்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

நிலம், வான், நீர், குறிஞ்சிப் பூ, தேன், நட்பு ஆகியவை தெரிந்த சொற்கள்தாம். யாரோ ஒருவனுடைய நட்பின் பெருமை பேசப்படுகிறது என்பதும் புரிகிறது. ஆனால் 'உயர்ந்தன்று' என்பது உயரவில்லை என்று மறுப்பதுபோல் ஒலிக்கிறது. 'வின்றே' என்ற சொல் எந்த அகராதியிலும் அகப்படவில்லை. 'சாரற்' என்பதும் அப்படியே. 'கோல்' என்று தேடினால் ஒரு பத்தி நிறையப் பொருள் வரிசையாக நிற்கிறது. அவற்றுள் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உரையைத் திறந்தால் எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது என்றாலும், அடுத்த பாட்டுக்குப் போனதும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறேன். நானாகவே பொருள் காணும் பழக்கம் எப்படி வரும்? தெரியாத சொல்லைக் கண்ட இடத்திலேயே நின்று அகராதியைப் புரட்டுவது நல்லதா, அல்லது பாட்டை முழுவதும் படித்துவிட்டுச் சூழலைக் கொண்டு ஊகிப்பது நல்லதா?

ஏடுதேடி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். அகராதியா ஊகமா என்ற கேள்விக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் தேடியவற்றுள் 'வின்றே' ஒரு சொல்லே அன்று. அதனால்தான் அது எந்த அகராதியிலும் இல்லை. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் இருந்ததில்லை. பழம்பாடல்கள் அச்சேறியபோது பெரும்பாலும் யாப்பின்படி, அதாவது செய்யுளின் ஓசை அலகான சீர்களாகப் பிரித்தே பதிப்பித்தார்கள். ஆகவே நீங்கள் காணும் இடைவெளி ஒரு சீர் முடிகிற இடத்தைக் காட்டுகிறதே தவிர, ஒரு சொல் முடிகிற இடத்தைக் காட்டுவதில்லை. 'ஆரள வின்றே' என்று இரண்டு சீராக நிற்பதைச் சேர்த்து, 'ஆர் அளவின்றே' என்று வேறிடத்தில் பிரித்துப் படித்துப் பாருங்கள். எல்லாரும் அறிந்த 'யாயும் ஞாயும்' பாட்டிலும் 'தாங்கலந் தனவே' என்றுதான் அச்சாகியிருக்கும். அங்கே 'தனவே' என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'தாம் கலந்தனவே' என்று பிரித்தவருக்கு அகராதியே வேண்டியதில்லை. சீர் பிரித்த பதிப்பு ஓசைக்கு நல்ல துணைதான், ஆனால் பொருள் தேடும் புதியவருக்கு அது பகையாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் சொல் பிரித்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்தது புணர்ச்சி, அதாவது இரண்டு சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது. 'சாரற் கருங்கோற்' என்பதில் சாரல், கோல் என்னும் இரண்டு சொற்களின் ஈற்று லகரமும், அடுத்து வந்த ககரத்தால் றகரமாகத் திரிந்திருக்கிறது. மாற்றங்களில் ஒரு சிலவற்றைத் தெரிந்துகொண்டாலே பெரும்பகுதி வழி திறந்துவிடும்: ல் என்பது ற் அல்லது ன் ஆகும், ள் என்பது ட் அல்லது ண் ஆகும். 'பெயனீர்' என்பது பெயல், நீர் என்ற இரண்டு சொற்கள். பெய்வது பெயல், அதாவது மழை. காப்பியங்களில் அடிக்கடி வரும் 'வாணுதல்' என்பதும் வாள், நுதல் என்ற இரண்டே. அங்கே வாள் என்பது ஒளியைக் குறிக்கிறது. வகர வரிசையில் 'வாணு' என்று துழாவிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். 'வரூஉம்' என்பதுபோல் நெடிலுக்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து தனித்து நின்றால் அது அளபெடை. அதைச் சுருக்கி 'வரும்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

இனி 'உயர்ந்தன்று'. இதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'உயர்ந்தது' என்பதோடு 'அன்று' என்ற மறுப்புச் சொல் சேர்ந்தால் 'உயர்ந்ததன்று' என்று வரும். அதில் தகரம் இரண்டு முறை ஒலிக்கும். இங்கே ஒரு தகரம்தான் இருக்கிறது. உயர்ந்த் என்பதோடு அன் என்னும் சாரியையும் (தனக்கெனப் பொருளின்றி இடையில் வரும் இணைப்பு), று என்னும் ஒன்றன்பால் விகுதியும் சேர்ந்து வந்த உடன்பாட்டு வினைமுற்று இது. 'வந்தன்று' என்றால் வந்தது என்று பொருள்படுவதுபோல, 'உயர்ந்தன்று' என்றால் உயர்ந்தது என்று பொருள்.

இலக்கணம் கைகொடுக்காத வேளையிலும் பாட்டின் அமைப்பு கைகொடுக்கும். நிலத்தினும், வானினும், நீரினும் என்று ஒரே உருபு மூன்று முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பயனிலை நிற்கிறது. முதல் பயனிலை 'பெரிது'. அப்படியானால் மற்ற இரண்டும் அதே திசையில்தான் போக வேண்டும். நிலத்தைவிடப் பெரியது என்று சொன்ன வாய், வானத்தைவிட உயர்ந்ததில்லை என்று அடுத்த மூச்சிலேயே இறக்கிப் பேசாது. நிலத்துக்கு அகலம், வானத்துக்கு உயரம் என்றால் நீருக்கு மிச்சம் இருப்பது ஆழம். 'ஆர் அளவின்று' என்பது அளத்தற்கு அரிய ஆழமுடையது என்று அங்கே தானாக வந்து பொருந்துகிறது. இந்த 'இன்று' இன்றைய நாளும் அன்று, இல்லை என்னும் மறுப்பும் அன்று என்பதை அகராதியைவிட அந்த வரிசையே உறுதியாகச் சொல்லிவிடுகிறது.

இதே உத்தி 'யாயும் ஞாயும்' பாட்டிலும் பலிக்கும். யாய், ஞாய் இரண்டும் தெரியாவிட்டாலும் அடுத்த அடியில் எந்தையும் நுந்தையும் இணையாக நிற்கின்றன. என் தந்தை, நின் தந்தை என்பது தெரிந்தால், முன்னது என் தாய், நின் தாய் என்பதை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கரையோரம் எழுதியது:

ஏடுதேடி ஐயா சொன்னவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, வரிசையில்தான் சிறிது மாறுபடுகிறேன். பிரிப்பதற்கு முன்னால் பாட்டை இரண்டு முறையாவது வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், எழுவாய் எங்கே இருக்கிறது என்பவை தெரிந்துவிட்டால் தெரியாத சொற்களில் பாதி தாமாகவே சுருங்கிவிடும். இந்தப் பாட்டில் எழுவாய் கடைசிச் சொல்லான 'நட்பே' என்பதுதான். பெரிதும் உயர்ந்ததும் அளத்தற்கு அரியதும் எது என்ற விடை அங்கேதான் கிடைக்கிறது. முதல் சொல்லிலேயே நின்று அகராதியைத் திறந்தவர், பெரிதாக இருப்பது எது என்றே தெரியாமல் பொருள் தேடிக்கொண்டிருப்பார்.

'நாடன்' என்ற சொல்லையும் கவனியுங்கள். எந்த நாட்டான் என்று கேட்கத் தோன்றும். சங்கப் பாடல் மரபில் இது குறிஞ்சி நிலத் தலைவனுக்கு வழங்கும் பெயர். அதுபோல் ஊரன் என்றால் மருதத் தலைவன், சேர்ப்பன் அல்லது துறைவன் என்றால் நெய்தல் தலைவன். இத்தகைய சொற்களைச் சொல்லுக்குச் சொல் அகராதியில் பார்ப்பதால் பயன் குறைவு. ஐந்திணையின் முதல், கரு, உரிப்பொருள் அட்டவணையை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டால், தலைவன் பெயரைக் கொண்டு நிலத்தையும், பூவைக் கொண்டு திணையையும் கண்டுகொள்ளலாம். குறிஞ்சி என்று தெரிந்துவிட்டால் 'சாரல்' தூறல் மழையாக இருக்காது, மலைச்சரிவாகவே இருக்கும் என்பதும் உடன் தெளிந்துவிடும். 'மலைச்சாரல்' என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோம் அல்லவா?

'இழைக்கும்' என்பதையும் அந்த வழியிலேயே பிடிக்கலாம். தீங்கு இழைத்தான், துரோகம் இழைத்தான் என்று இப்போதும் எழுதுகிறோம். அங்கே இழைத்தல் என்பது செய்தல். தனியாக வழக்கொழிந்த சொல், ஏதேனும் ஒரு தொடருக்குள் உயிரோடு இருப்பது தமிழில் மிகச் சாதாரணம். ஆகவே அகராதிக்குப் போவதற்கு முன் உங்கள் சொந்தப் பேச்சையும் வீட்டுப் பெரியவர்களின் பேச்சையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

உரையைப் பற்றி ஒரு சொல். உரையைப் பார்ப்பதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் உரைக்கு முன்பே அரும்பதவுரை ஒன்று எழுந்திருக்கிறது. அரிய சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்வது அதன் வேலை. படித்தவர்களுக்கே அன்றும் அந்த உதவி வேண்டியிருந்தது. ஆனால் பொழிப்புரையை முதலில் படிக்காதீர்கள், சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதவுரையைப் படியுங்கள். பொழிப்புரை பாட்டை நமக்குப் பதிலாகச் சொல்லிவிடும். பதவுரையோ கருவிகளை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். உரைகள் தமக்குள் மாறுபடும் இடங்களையும் தவறவிடாதீர்கள். 'அஞ்சிறைத் தும்பி' என்பதில் அம் சிறை என்று பிரித்தால் அழகிய சிறகு. அகம் சிறை என்று பிரித்தால் உள்ளே உள்ள சிறகு. இரண்டுக்கும் புணர்ச்சி இடம் கொடுக்கிறது, இரண்டுக்கும் பாட்டும் இடம் கொடுக்கிறது. ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்ற பதற்றம் பாட்டுப் படிப்பவருக்குத் தேவையில்லை.

அகராதிப்பித்தர் எழுதியது:

அகராதியைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லாததால் நான் நுழைகிறேன். புதுவாசகர் எந்த அகராதியில் தேடினார் என்று குறிப்பிடவில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மிகச் சிறந்த நூல்தான். ஆனால் அதன் பெயரே சொல்வதுபோல் அது இக்காலத் தமிழுக்கானது. குறுந்தொகைச் சொல்லை அதில் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்பது நியாயமாகாது. பழம்பாடலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிதான் முதல் துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அது, இப்போது இணையத்திலும் தேடும் வசதியோடு கிடைக்கிறது. அதில் வினைச்சொற்கள் 'இழை-தல்', 'இழை-த்தல்' என்ற வடிவில் தனித்தனித் தலைச்சொற்களாக நிற்கும். இந்தச் சிறிய வேறுபாட்டைக் கவனியாமல் போனால் வேறொரு வினையின் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். பாட்டில் 'இழைக்கும்' என்று இரட்டை ககரம் இருப்பதால் நீங்கள் போக வேண்டிய இடம் 'இழை-த்தல்'. 'இழையும்' என்று இருந்தால் 'இழை-தல்'.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரிசையாக நிற்கும்போது எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இது புதிய தொல்லை அன்று. வேறு பொருள் பல குறித்து நிற்கும் ஒரே சொல்லைத் திரிசொல்லின், அதாவது கற்றவர்க்கே விளங்கும் செய்யுட்சொல்லின், ஒரு வகையாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்கு அது பத்துப் பொருள் சொல்கிறது. நன்னூலுக்கு வரும்போது அது பதின்மூன்றாகிவிட்டது. ஆயினும் படிக்கிறவர் பதின்மூன்றையும் வைத்துக்கொண்டு திணற வேண்டியதில்லை, ஏனெனில் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லே தேர்ந்து கொடுத்துவிடும். கடிநகர் என்றால் காவல், கடிமலர் என்றால் மணம். 'கோல்' விஷயமும் இதுதான். செங்கோல், அளவுகோல், எழுதுகோல், ஊன்றுகோல் எல்லாம் அகராதியில் இருக்கட்டும். இங்கே அது குறிஞ்சிப் பூவுக்கு அடையாக நிற்கிறது, கருமை நிறமும் கொண்டிருக்கிறது. செடிக்குக் கரிய கோல் என்றால் அது தண்டு அல்லது கொம்பைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்?

இன்னும் சிக்கலான சொல் 'மா'. மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, கருமை, திருமகள் என்று அது போய்க்கொண்டே இருக்கும். திருக்குறளில் 'அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார்' என்று ஓரிடம் வருகிறது. அமரகம் என்பது போர்க்களம். அங்கே நடுவழியில் கைவிட்டுவிடுகிற, பயிற்சி பெறாத ஒன்று என்றால் அது குதிரைதான். ஒரு சொல்லை உறுதி செய்தது அதே அடியில் உள்ள இன்னொரு சொல் என்பதைப் பாருங்கள். அதனால்தான் எளிதாக அவிழ்கிற சொல்லை முதலில் அவிழ்த்துவிட்டு முரண்டு பிடிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பேரகராதியின் இன்னொரு பயன், பெரும்பாலான பொருளுக்கும் கீழே அது எந்த நூலில் வந்தது என்ற மேற்கோளைக் கொடுத்திருப்பது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் அந்த மேற்கோளையும் படியுங்கள். உங்கள் பாட்டின் காலத்துக்கும் நடைக்கும் நெருக்கமான மேற்கோள் எந்தப் பொருளின்கீழ் இருக்கிறதோ, அதற்கே முன்னுரிமை கொடுங்கள். சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்துச் சொல்லும் நிகண்டுகளைப் பற்றியும் சொல்ல ஆசைதான். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைக்கும் வரை, திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும்தான் புலவர்களின் அகராதிகள். அவற்றைத் தேடிப் பார்ப்பதைவிட மனப்பாடம் செய்வதே வழக்கமாக இருந்தது. ஆனால் புதியவருக்கு அவை உடனடித் தேவை இல்லை.

நிலாமுற்றம் எழுதியது:

தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததாக நினைக்கிற சொல்தான் அதிகம் ஏமாற்றும் என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன். தெரியாத சொல் நம்மை நிறுத்துகிறது. மற்றதோ நிற்காமலே கடந்து போக விட்டுவிடுகிறது. 'யாவரும் கேளிர்' என்பதை எல்லாரும் கேளுங்கள் என்று பொருள் கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேளிர் என்பது உறவினர்; கேண்மை என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் அதன் குடும்பம் தெரியும். நாற்றம் என்பது நறுமணம். 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்பது மணத்தைத்தான். 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்ற குறளில் வருவது பறை வகையைச் சேர்ந்த உடுக்கை அன்று, உடுத்தும் ஆடை. சில இடங்களில் பொருளே தேட வேண்டாத அசைச்சொற்களும் இப்படி வேடமிட்டு வரும். தொல்காப்பியம் அசைநிலை என்று பட்டியலிடுகிற ஏழு சொற்களில் 'மாது', 'போ' இரண்டும் உண்டு. ஒரு பெண்ணும் இல்லாத பாட்டில் மாது என்று வந்தால் அவளைத் தேடிக்கொண்டு அலையாதீர்கள். பழகிய பொருளை வைத்துப் படிக்கும்போது தொடர் சிறிதேனும் கோணலாகத் தெரிந்தால், தெரியாத சொல்லைப் போலவே அதையும் அகராதியில் பார்த்துவிடுவது நல்லது.

புதுவாசகர் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இந்த வழிகளை வைத்துக்கொண்டு கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் ஓரிடத்தை முயன்று பார்த்தேன். இராமனின் நிறத்தை 'மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ' என்று கம்பர் வியக்கிறார். மை, மரகதம், மழைமேகம் மூன்றும் தெரிந்தவை. எல்லாம் கருமையோ பசுமையோ கலந்த நிறங்கள். ஏடுதேடி ஐயா சொன்ன இணை அமைப்பின்படி பார்த்தால், 'மறிகடல்' என்பதில் மறி என்பதற்குக் கருமை என்று பொருள் கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இது சரியா?

ஏடுதேடி எழுதியது:

முயற்சி நன்று. ஆனால் இணை அமைப்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அந்த வரிசை உங்களுக்கு உறுதியாகச் சொல்வது, மறிகடல் என்னும் முழுத்தொடரும் நிறத்துக்கு உவமையாக வந்திருக்கிறது என்பதை மட்டுமே. நிறத்தைக் கொடுக்கக் கடல் என்ற சொல்லே போதும்; மறி என்ற அடையும் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மழைமுகிலில் உள்ள 'மழை' நிறத்தைச் சொல்லும் சொல் அன்று என்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். முன்பு பார்த்த பாட்டில் மூன்று பயனிலைகள் நேருக்கு நேர் நின்றன. இங்கே நேருக்கு நேர் நிற்பவை நான்கு பெயர்கள், அவற்றின் அடைகள் அல்ல.

ஆகவே இந்த ஊகத்தை வேறு இடங்களில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். 'மறிதிரை' என்ற தொடர் பழம்பாடல்களில் வரும். திரை என்பது அலை. அலைக்கும் கடலுக்கும் பொதுவாக நிற்கிற ஓர் அடை, அசைவைக் குறிப்பதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, கரையோரம் சொன்னதுபோல் இன்றைய பேச்சைத் துழாவினால் வழிமறித்தல், இடைமறித்தல், மறியல் என்பவை கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் போகிற ஒன்றைத் திருப்பிவிடும் கருத்து இருக்கிறது. பேரகராதியில் 'மறி-தல்' என்பதைப் பார்த்தால் திரும்புதல், கீழ்மேலாதல் என்ற பொருள்கள் இருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுவதால், மடங்கிப் புரளும் அலைகளையுடைய கடல் என்று துணிந்து எழுதிக்கொள்ளலாம். 'மறி' என்பதற்கு ஆட்டுக்குட்டி என்றும் ஒரு பொருள் உண்டு; அதைக் கடலுக்குள் இறக்காமல் தடுக்கப் பக்கத்துச் சொல்லே போதும்.

அகராதிப்பித்தர் எழுதியது:

இதோடு ஒன்று. சங்க இலக்கியத்துக்கும் கம்பனுக்கும் தொடரடைவுகள் இருக்கின்றன. ஒரு சொல் வரும் எல்லா அடிகளையும் அவை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுக்கும். ஊகத்தைச் சோதிக்க அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. 'மறி' என்று தேடி வரும் அடிகளில் எத்தனையில் உங்கள் கருமை பொருந்துகிறது, எத்தனையில் புரளுதல் பொருந்துகிறது என்று நீங்களே பார்த்து இங்கே எழுதுங்கள். புதுக்கவிதைக்கு இந்தக் கருவி உதவாது. அங்கே இடறுகிற சொற்களில் வட்டார வழக்குகள் நிறைய இருக்கும். கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த சொல்லகராதிபோல் அந்தந்த மண்ணுக்கு உரியதைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் ஒருவரைக் கேட்பதுதான் வழி.